சத்தம் வேற

சென்னைத் தொடரில் எனக்குச் சந்தனப் பொட்டு,
ஒரு டீக்கடை, வாக்கியத்துக்கு ஒரு 'எந்தா'.
திருவனந்தபுரத்துத் தொடரில் மஞ்சள் சட்டை,
வட்டிக்குக் கொடுக்கும் அண்ணாச்சி,
கழுத்தில் கவரிங் சங்கிலி.
இரண்டுக்கும் நடுவில் களியக்காவிளை.
வீடு அங்கேதான்.
அங்கே நான் யாரென்று
எந்த இயக்குநரும் கேட்டதில்லை.

பதினேழு வருஷம்.
ஒரு வசனமும் என் தொண்டையில் போகவில்லை.
அங்கே சொன்னார்கள்: மலையாளத்தில் பாண்டி வாடை.
இங்கே சொன்னார்கள்: தமிழில் மலையாள வாடை.
மலையாளி வேஷம்தானே சார் என்றேன்.
அந்த வாடை வேறாம்,
அதற்கு மாம்பலத்தில் ஓர் ஆள் இருக்கிறாராம்.

பெயர் கோதண்டம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று
என் உதட்டைப் பார்த்துப் பேசுகிறவர்.
ஒருதடவை போன் போட்டேன்.
அவர் அலோ என்றதும்
நான் பேச ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்து
சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு முறை செத்திருக்கிறேன்.
லாரி மோதி.
பாயசத்தில் விஷம்.
மூத்த மருமகள் படியில் தள்ளியதில் ஒன்று.
சம்பளம் கூட்டிக் கேட்ட மாசம்
மாரடைப்பு.
அந்தக் கடைசிச் சாவுக்கு மாலை போட்ட படத்தை
செட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். சட்டம் தேக்கு.
கிளாடிஸ் என்னை உருவி அலமாரியில் வைத்துவிட்டு
மகளின் தட்டச்சுச் சான்றிதழை அதில் மாட்டினாள்.
அளவு சரியாக இருந்தது.

ஐந்தாம் தடவை என்னைக் கொல்லவில்லை.
மஞ்சள்காமாலை, பதினோரு நாள் படுக்கை,
கீழாநெல்லி, உப்பில்லாக் கஞ்சி.
பன்னிரண்டாம் நாள் எட்டரை மணிக்கு
திரையின் அடியில் எழுத்து ஓடியது:
இவருக்குப் பதில் இனி இவர்.
டீக்கடை வாசலில் என் பொட்டோடு
யாரோ ஒரு பயல்.
வாயைத் திறந்தான்,
கோதண்டம்.
அதாவது நான்.

ரிமோட்டுக்குக் கை நீட்டினேன்.
'இத்திரி சும்ம இரியும்,
கதை என்னாச்சுண்ணு பாக்காண்டாமா' என்றாள் கிளாடிஸ்.
பார்த்தோம்.
பயல் மோசமில்லை. டம்ளரை மட்டும்
இடது கையில் பிடிக்கிறான்.

நேற்று சந்தையில் சாளை வாங்கப் போனேன்.
மீன்காரி பனிக்கட்டியை ஒதுக்கிக்கொண்டே
முகத்தைப் பார்த்தாள்.
'ஓய், நீரு அந்த டீக்கடை குட்டன் நாயரில்லா?'
'ஆமா, நான்தான்' என்றேன்.
காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.
'இல்ல. அவருக்க சத்தம் வேற.'

கூறு எண்பது என்றாள்.
அறுபதுக்குக் கேட்டேன்,
பாதி தமிழும் பாதி அதுவுமாக,
பதினேழு வருஷமாய் யாரும் பதிவு செய்யாத தொண்டையில்.
அவள் திட்டினாள்.
அச்சு அசலாக
அதே பாஷையில்.