பச்சைத் தலைத் திருகாணி

காலையில் கராஜ் கதவைத் திறந்தால்
மூக்குதான் முதலில் எரிகிறது என்றாள் சொராய்தா.
சிவப்பு வண்டி. இரட்டை டர்போ.
போன்ஸேயில் ஒருவன் அவளுக்கு விற்றான்,
அவனுக்கு அரெசிபோவில் ஒருவன்.
அதற்கு முன்னால் யார் என்று
நான் கேட்கவில்லை.

பானட்டின் உள்மடிப்பில், சிவப்புக்கு அடியில்
நகக்கண் அளவு வெள்ளை தெரிந்தது.
தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இதை ஓட்டாதே.
எரிபொருள் குழாயின் முனையில்
கட்டைவிரல் பெரிசுக்கு ஒரு டாம்பர்,
துடிப்பை அடக்குவது அதன் உத்தியோகம்.
அதன் சவ்வு கிழிந்து சொட்டுகிறது.
சொட்டு விழும் இடத்தில் சூடான இரும்பு.
காகுவாஸ் நெடுஞ்சாலை ஓரம்
இப்படி ஒரு வண்டி எரிந்து முடியும்வரை
கைகட்டி நின்றவன் நான்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின் இது.
போய்ப் போய்த் திரும்பி வருகிற சலிப்பு கிடையாது.
இடுப்பு சிறுத்த அறைக்குள்
மூன்று மூலைக்காரன் சுற்றிக்கொண்டே இருப்பான்,
எண்ணெயும் கொஞ்சம் குடிப்பான்.
அவனிடம் குறை இல்லை.
குறையெல்லாம் அவன் தலைக்கு மேல்:
ஒருநாளும் சீப்பு காணாத தலை மாதிரி
ஹோஸ், ஹோஸுக்கு அடியில் ஹோஸ்.

தொட்டால் முறுக்காக நொறுங்கின.
பாதி என் விரலில்,
பாதி குழாய் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு.
ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றி எண் எழுதினேன்.
என் ஒன்றும் என் ஏழும் ஒரே சாடை,
அதனால் பதினேழு வரும்போதெல்லாம் இரண்டு முறை பார்த்தேன்.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
எச்சில் வழிய,
வெளியே கொக்கீத் தவளைகள்
ஒன்றின் பெயரை ஒன்று சொல்லிக்கொண்டிருக்க.

முப்பத்தெட்டை ஊதினேன்.
காற்று போகவில்லை.
கத்தியால் நீளவாக்கில் கீறினேன்.
ஒரு திருகாணி விழுந்தது.
தலையில் பச்சை நகப்பூச்சு.

இவெட்டின் நகப்பூச்சு.
திருகாணிகள் தொலையாமல் இருக்க
அப்போதெல்லாம் நான் தொட்டு வைப்பது.
அப்போது வண்டி வெள்ளை.
வாடகை நாலு மாத பாக்கி.
ஒரு சொலினாய்டு செத்துப்போயிருந்தது.
வாங்க வந்தவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் நேரம்
தாங்கினால் போதும் என்று
செருகினேன்.
தாங்கியது.
பத்தொன்பது வருடம்.

புது சிலிக்கான் ஹோஸ், நீலம்.
புது டாம்பர்.
இன்ஜெக்டர் நாலுக்கும் ஓ-ரிங், எண்ணெய் தடவி.
பழைய ஃபில்டரை அறுத்துக் கவிழ்த்தேன்,
காபி வண்டல் போலக் கொட்டியது.
சொலினாய்டையும் மாற்றினேன்.
அதைப் பில்லில் எழுதவில்லை.
தீயணைப்பானைக் காலடியில் வைத்து,
டிஷ்யூ ஒன்றை மடித்துக் குழாய்க்கு அடியில் வைத்து,
பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன்.
ஒரு சிகரெட் நேரம். சிகரெட் இல்லாமல்.
டிஷ்யூ காய்ந்தே இருந்தது.

சொராய்தா ஓட்டிவிட்டு வந்தாள்.
முகத்தில் சந்தோஷம் இல்லை.
எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள்.
நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு தரம் மூச்சு வாங்குமே, என்றாள்.
ஏறலாமா வேண்டாமா என்று
ஒரு கணம் யோசிக்கும்.
அதுதான் இவன் குணம்.
சிவப்பு விளக்குகளில் நானும் கூடவே யோசிப்பேன்.
அது எங்கே போயிற்று?

கையை நீட்டச் சொன்னேன்.
உள்ளங்கையில் திருகாணியை வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
பச்சையை நகத்தால் சுரண்டினாள்.
யார் வைத்தது?

பப் பப் பப் என்று
வாசல் தகரமெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது.

சொன்னேன்.
அந்தச் சத்தத்தில்
இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.