இருபத்தெட்டு டன், ஒரு வாளி குறைவு

பரானா ஆற்றுத் தீவுகளில் தோண்டி,
சலித்து, கழுவி, சூளையில் உலர்த்தி,
தார்ப்பாய் இழுத்துக் கட்டித் தருகிறார்கள்.
கடுகைவிடச் சிறிய மணல், கடுகைப் போலவே உருண்டை.
உள்ளங்கையில் நிற்காது.
"இந்த உருண்டைக்குத்தான் காசு" என்றான்
ரசீது கிழித்தவன்.

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
தண்ணீர் முடிந்து, சோயா வயல் முடிந்து,
மரம் என்ற சொல்லும் முடிந்து
காற்று மட்டும் மிஞ்சும் நெவ்கேன் மேட்டில்
மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் படுத்திருக்கிறது
செத்த பசு என்று பெயர்கொண்ட பாறை.
வாக்கா முயெர்த்தா.
செத்த மாட்டை உரிக்கத்தான் பார்த்திருக்கிறேன்.
இங்கே கறக்கிறார்கள்.

ஆற்றை உறிஞ்சி, மருந்து கலந்து
உள்ளே அழுத்துவார்கள். பாறை வாய் திறக்கும்.
திறந்த வாய் மூடிவிடாமல்
பல்லுக்குப் பல் கொடுத்து வைப்பதுதான்
என் மணலின் வேலை.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
நான் எவாரிஸ்தோ, லாரி ஓட்டுபவன்.

அன்யேலோவுக்கு முன், கல்சாலை பிரியும் இடத்தில்
நேலிதா கின்யெனாவ் கடை.
கொழுப்பில் பொரித்த ரொட்டி, மாத்தேக்கு வெந்நீர்.
அடுப்பில் எரிவது ஹரில்யா முள்சுள்ளி.
காலி சிலிண்டர் கதவு அடைக்காமல் பிடித்திருக்கிறது.
தூரத்தில் இரவும் பகலும் எரிகிறது
யாருக்கும் சமைக்காத ஒரு ஜுவாலை.
ஆறு வாசலிலிருந்தே தெரியும்.
குடிதண்ணீர் செவ்வாய்தோறும் டேங்கரில் வரும்,
வந்தால்.

அடுப்பங்கரைச் சுவரில் ஒரு விரிசல்,
அதன் ஓரத்தில் பென்சில் எழுத்து:
மார்ச் நான்கு, விடிகாலை, தட்டு விழுந்தது.
மே இருபது, ஆடுகள் கத்தின.
ஜூன் ஒன்பது. ஒன்பது. மறுபடி ஒன்பது.
முதலில் நூல்தான் நுழைந்ததாம்.
இப்போது நாணயம் நுழைகிறது.
நுழைத்துக் காட்டினாள். திரும்ப எடுக்க முடியவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாளாம்,
புது பூட்ஸ், நல்ல பிள்ளை.
மலை பக்கத்தில் இருந்தால்
நிலம் அசையத்தான் செய்யும் என்றாளாம்.
"மலை எப்போதும் அங்கேதான் இருந்தது மகளே,
சுவர்தான் புதிதாகப் பயப்படுகிறது"
என்றிருக்கிறாள் நேலிதா.
ஆனால் மகன் எலிசெயோ வேலைக்குப் போவதும்
அதே கிணற்றுக்குத்தான்.
வாத்தியார் சம்பளம்போல் மூன்று மடங்கு.
அதில் வந்தது அந்த ஃப்ரிட்ஜ்.
நிலம் நடுங்கினால் முதலில் கிலுகிலுப்பது
அதற்குள் இருக்கும் பாட்டில்கள்.
இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு கேட்டாள்,
"ஒரு வாளி மணல் கொடேன். அரை மூட்டை சிமெண்ட் கிடக்கிறது."

முத்திரை வைத்த லாரி.
தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்தேன்.
எடைமேடையில் கேட்டார்கள்.
காற்று தின்றுவிட்டது என்றேன்.
அந்த ஊரில் அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.
அன்று நாள் முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம்:
கீழே திறந்து வைக்கப் போகும் மணலில்
ஒரு வாளியாவது
மேலே ஒன்றை மூடுகிறது.

மூன்று வாரம் கழித்து வந்தேன்.
பூச்சு பிஸ்கட்போல் உதிர்ந்து தரையில் கிடந்தது.
விரிசலுக்குள் பழைய நாணயம் பத்திரம்.
கொத்தனார் மைத்துனனுக்கு ஃபோன் போட்டேன்.
இருமி இருமிச் சிரித்தான்:
"உருண்டை மணல் எதையும் பிடிக்காதுடா.
பூச்சுக்கு முனை வேண்டும், கோணல் வேண்டும்.
வழவழப்பானது வழிவிட மட்டும்தான் லாயக்கு."

நேலிதாவிடம் இதைச் சொல்லவில்லை.
சிமெண்ட் பழசு என்றேன்.
"இருக்கும்" என்றாள். நம்பவில்லை.
ரொட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டாள்,
இந்த முறை ஒன்றைக் கூடுதலாக வைத்தும் தரவில்லை.

வாளியில் மிச்சமிருந்ததைக் கொல்லையில் கொட்டியிருந்தாள்.
இரண்டு கோழிகள் அதில் புரண்டு குளித்துக்கொண்டிருந்தன,
இறக்கைக்குள் மணலை அள்ளி அள்ளிப் போட்டபடி.
லாரியைக் கிளப்பினேன்.
எடை சரியாக இருந்தது.