இரட்டைப்படை

இருநூறு வண்டி செய்தால்தான்
பந்தயத்தில் இறங்கலாம் என்றது விதி.
பாலரட்டில் இருந்த போரங்கா கம்பெனியிடம்
நூறு வண்டிக்குத்தான் காசு இருந்தது.
ஆகவே ஃப்ரேமின் கழுத்தில்
1 என்று அடித்தார்கள், அடுத்ததில் 3,
அடுத்ததில் 5.
கடைசி வண்டி 199.
சரிபார்க்க வந்த அதிகாரி
முதலையும் கடைசியையும் குனிந்து படித்துவிட்டு
தேநீர் குடிக்கப் போனார்.

நாற்பது வருடத்தில் அது ஊரறிந்த பொய்யாகி
பொய்க்கு நல்ல விலையும் வந்துவிட்டது.
ஒற்றைப்படை என்றால் தொண்ணூறாயிரம் டாலர்,
துருப்பிடித்திருந்தாலும்.
இரட்டைப்படை என்றால் போலி,
யோசிக்கவே வேண்டாம் என்று
எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர்
கோப்பின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

நோரீன் ட்ரெகாஸ்கிஸின் கராஜில்
போர்வையை விலக்கினேன்.
64.

சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.
ஜீலாங் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம், மழை வேறு.
என்னவோ, பெட்டியைத் திறந்தேன்.
உப்புத்தாள், பஞ்சு, அமிலப் புட்டி.

எண்ணை அராவி எடுத்துவிடலாம்.
அடி விழுந்த இடத்தில் இரும்பு
உள்ளுக்குள் நெரிந்து போயிருக்குமே,
அதை எந்த அரமும் தொடாது.
அமிலம் தோய்த்துத் துடைக்கத் துடைக்க
பழைய எண் எழும்பி வரும்,
பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து
யாரோ இருமுவது மாதிரி.
திருட்டு வண்டிகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

துடைத்தேன். காத்திருந்தேன். மறுபடி துடைத்தேன்.
64-க்கு அடியில் ஒன்றுமில்லை.
வேறு எந்த எண்ணும் அங்கே
ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை.

லென்ஸை வைத்தால்
ஆறின் வயிற்றில் மயிரிழையாய் ஒரு கீறல்.
இந்தக் கீறலை எனக்குத் தெரியும்,
தலைகீழாகத் தெரியும்.
109-இல், 129-இல், 195-இல்
ஒன்பதின் உச்சியில் பார்த்திருக்கிறேன்.
ஆறைத் திருப்பிப் பிடித்தால் ஒன்பது.
ஒரு அச்சு போதும் என்று இருந்திருக்கிறார்கள்,
சிக்கனமான கம்பெனி.

கெட்டிலைப் போட்டுவிட்டு வந்து நின்றாள் நோரீன்.
"லெஸ் அடித்தது.
மூடின அன்றைக்கு மூன்று வாரச் சம்பளம் பாக்கி.
ஒரு ஃப்ரேமைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்,
அச்சுப்பெட்டியையும்தான்.
மிச்சமெல்லாம் கழிவுத் தொட்டியில் பொறுக்கியது.
ஒற்றை எண்ணுக்கெல்லாம் ஆள் இருக்கிறது, நோரீன்,
யாரும் உட்காராத நாற்காலியாகப் பார்த்து
உட்கார்ந்துகொண்டேன் என்பார்."
ஏன் அறுபத்துநாலு?
அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லையாம்.
அவரும் போய் ஆறு வருடம்.

காருக்குப் போகும் வழியில் தபால்பெட்டி.
தகரத்தில் வீட்டு எண்,
பெயிண்ட் இல்லை, சுத்தியலால் அடித்தது.
மழையில் குனிந்து விரலால் தடவினேன்.
ஆறின் வயிற்றில்
நகம் மாட்டியது.

படிவத்தில் இரண்டே கட்டம்: அசல், போலி.
இரண்டையும் பார்த்துக்கொண்டு
வைப்பரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
கம்பெனி சொன்ன பொய்கள் நூறு.
அவற்றில் ஒன்றைத் தன் கையால்
உண்மையாக்கிவிட்டுப் போயிருக்கிறார் லெஸ்,
கூலி பாக்கிக்கு.

சிவகாசிப் பக்கத்துக்காரி நான்.
எங்கள் மொய் நோட்டில்
யாரும் நூறோடு நிறுத்த மாட்டார்கள்.
நிறுத்தினால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.
அந்த ஒரு ரூபாய் நாணயத்துக்காக
கல்யாண வாசலில் பெட்டிக்கடை தேடி ஓடியவர்களை
எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அசலிலும் டிக் போடவில்லை, போலியிலும் போடவில்லை.
மொத்த உற்பத்தி என்ற இடத்தில்
நூறை அடித்துவிட்டு
101 என்று எழுதினேன்.
மேலாளர் கேட்பார்.
பாலரட் வரைக்கும் வரட்டும்.
குனிந்து படிக்கட்டும்,
நடுவில் இருப்பதையும்.