நாலு விரல் மேலே

மூன்றாவது குத்துக்கும் அந்தப் பையன் அழவில்லை.
அவன் அம்மாதான் கையைப் பிடுங்கிக்கொண்டு
"அந்த அக்கா வரட்டும்" என்றாள்.
அந்த அக்கா ஜெனோவா.
ஒரே குத்து. சிரித்துக்கொண்டே பஞ்சை வைத்தாள்.
நான் கோரிப்பாளையத்து ஹாரன்களை
முதன்முறை கேட்பவள்போல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரவு
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கீறி
டிரிப் குழாய் ஒன்றை உள்ளே புதைத்தேன்.
கிழிந்த மழைக்கோட்டுத் துண்டு, அதுதான் தோல்.
குழாயில் பீட்ரூட் தண்ணீர்.
ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அய்யங்காளை
"ரசமா வைக்கிற?" என்றான்.

பத்து நாள் ஊசியைத் தொடவில்லை.
குக்கர் கைப்பிடியில் ரப்பரைக் கட்டினேன், அவிழ்த்தேன்.
முழங்கை மடிப்புக்கு நாலு விரல் மேலே;
ஒரு கையால், ஒரே இழுப்பில் அவிழவேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்ததுதான்.
மூன்று வருஷத்தில்
நாலு விரல் எப்போதோ ரெண்டு விரலாகியிருந்தது.

தலைமுடி ஒன்றைத் தரையில் நீட்டி
அதன்மேல் காலண்டர் தாள்.
கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தேடவேண்டும்.
ஒரு தாளுக்கடியில் கிடைத்தது.
ரெண்டு தாளுக்கும்.
மூன்றாவதில் தரைதான் தட்டுப்பட்டது, தரை, மறுபடி தரை.

திருமங்கலம் பஸ்ஸில்
யார் முகத்தையும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
கம்பியைப் பிடித்த கைகள் மட்டும்.
பரோட்டா மாஸ்டரின் முன்னங்கையில்
வைகையில் வெள்ளம் வந்த வருஷம்.
பக்கத்தில் வளையல் இறுகிய ஒரு கையில்
எதுவுமே இல்லை, மணல்.
தோண்டினால் ஊறும்,
எங்கே தோண்டுவது என்று தெரிந்தால்.
கண்டக்டர் ரெண்டுமுறை டிக்கெட் கேட்டார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி.
காபி குடிக்காத கோபத்தோடு பெஞ்சு நிறைய ஜனம்.
"பேச்சியம்மா" என்று கூப்பிட்டேன்,
எழுந்து வந்து கையை நீட்டினார்கள்.
என்ன கை!
கட்டியதுமே நரம்பு விரலுக்கடியில் துள்ளியது.
ஜெனோவா பார்க்கிறாளா என்று பார்த்தேன்.
ஊசிமூடியைக் கழற்றப்போன கை
நின்றது.
கட்டுவதற்கு முன்னால் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை.

"பேரை நீங்களே சொல்லுங்க."
"இப்பத்தானே கூப்பிட்ட? பேச்சியம்மா."
"வீட்டுக்காரர் பேரு?"
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.
"அதெப்படித் தாயி சொல்றது...
பரங்குன்றத்துச் சாமி ஏறிப்போகுமே, அது."
சீட்டில் காத்தமுத்து என்று இருந்தது.
காத்தமுத்து எந்த வழியிலும் மயிலாக மாட்டார்.

ஒரே இழுப்பு. ரப்பர் அவிழ்ந்தது.
அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல நரம்பு
சேலைக்குள் மறைந்து பெஞ்சுக்குப் போனது.
"குத்தாமலே விட்டுட்டியா" என்று
போகிறபோது சந்தோஷமாகக் கேட்டது வேறு.

மூலையிலிருந்து வந்தார்கள் இன்னொரு பேச்சியம்மா,
சோழவந்தான்,
பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை, காய்ந்த கை.
பேர் கேட்டேன். வயசு கேட்டேன்.
வீட்டுக்காரர் பேரு கேட்டேன்.
"காத்தமுத்து" என்றார்கள் கணீரென்று.
"போன மாசியில போயிட்டாரு.
இனிமே சொல்லலாம்."

எனக்கு உடனே கட்ட வரவில்லை.
கையைத் திரும்பவும் கழுவிவிட்டு வந்தேன்.
நாலு விரல் மேலே.
கண்ணை மூடினேன்.
தாள், தாள், தாள்,
நாலாவதுக்கும் அடியில்
முடிபோல் ஏதோ ஒன்று.

முதல் தடவை வரவில்லை.
"பரவாயில்ல, எனக்கு யாருக்கும் கிடைக்காது" என்று
என்னைத் தேற்றினார்கள்.
ரெண்டாவதில் வந்தது, மெதுவாக, கறுப்பாக.

டியூபைக் குலுக்கக்கூடாது.
தலைகீழாகத் திருப்பி நிமிர்த்தவேண்டும்,
எட்டு முறை.
வெளியே இருபது பேர். ஜெனோவா உச்சுக்கொட்டினாள்.
எட்டு வரைக்கும் எண்ணினேன்.