ஐம்பத்தைந்து நிமிடம்

கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்தில்
ஜெராக்ஸும் டிக்கெட்டும் போடுகிற கடை என்னுடையது.
மழைக்காலத்தில் குடைக்கம்பியும் மாற்றித் தருவேன்.

கதிர்காமு வந்து நின்றார்.
தேயிலைத் தூள் படிந்த ஸ்வெட்டர்,
டான்டீ ஃபேக்டரியில் இரவுக் காவல்.
"கொழும்புலருந்து திருச்சி எவ்வளவு தூரம்மா?"

நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
ஐம்பத்தைந்து நிமிடம் என்றேன்.
கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தார்.
"நேரம் மாத்தணுமா?"
வேண்டாம், அங்கேயும் இதே மணிதான்.
"இதே மணியா?"
இன்னொரு முறையும் கேட்டார்.

வரப்போகிறவள் அக்கா.
பொகவந்தலாவையில் இன்னும் இருக்கிறாள்.
தலைமன்னாரில் இவர் கப்பலேறும்போது வயது பதினொன்று.
அவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகி
அவள் பேர் புருஷன் வீட்டுக் காகிதத்துக்குப் போயிருந்தது.

சீட்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்:
பொகவந்தலாவையிலிருந்து கட்டுநாயக்க, பஸ், ஆறு மணி நேரம்.
அங்கே உட்கார்ந்திருப்பது மூன்று.
பிளேன் ஐம்பத்தைந்து நிமிடம்.
திருச்சி டு மேட்டுப்பாளையம் ஐந்து,
மேலே ஏற ஒன்றேகால்.
வழியில் குஞ்சப்பனை இருக்கிறது,
அதற்கு எத்தனை போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

விரலில் கூட்டினார்.
"ஆகாசந்தான் இருக்கறதுலயே சின்னது."
கார் வாடகை அவள் டிக்கெட்டை விட அதிகம் என்றேன்.
காதில் விழாத மாதிரி, "பிளேன் லேட்டாகுமா?" என்றார்.
ஆனால் அரை மணி ஆகலாம்.
அந்த அரை மணியை
மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

அன்று காலை கைபேசியில் பார்த்தேன்.
மஞ்சள் பூச்சி போல ஒரு விமானம்
நீலத்தைக் கடந்துகொண்டிருந்தது.
ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார்.
முன்னும் பின்னும் நகலெடுத்து,
லேமினேஷன் மெஷின் சூடாகிறதா என்று பார்த்துத் திரும்பினால்
பூச்சி கரைக்கு வந்திருந்தது.

இரவு ஏழே முக்காலுக்கு அழைத்தார்.
குரலைத் தாழ்த்திப் பேசினார்.
குஞ்சப்பனை வளைவில் யானை, கூடவே குட்டி.
பின்னால் ரெண்டு பஸ், ஒரு கேரட் லாரி,
எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறார்களாம்.
"ரெண்டு மணி நேரமாச்சும்மா."

அக்கா பயந்துட்டாங்களா?

"அவ ஊர்ல சிறுத்தைதான். யானை புதுசு.
திருச்சியிலருந்து ஒரு வார்த்தை பேசல.
நானும் என்னத்தக் கேக்கறது,
ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தா.
இதப் பாத்ததும்தான்
'தம்பி, கண்ணாடிய ஏத்து'ன்னா."

ஏத்தினீங்களா?

"பாதி ஏத்திருக்கேன்.
மீதிக்கு இன்னொரு தடவ சொல்லட்டும்."