சிவப்புக் கோடு

ஏழரைக்கு மணி.
ஏழரைக்குக் கோடு.
பழைய அதிபரின் கைக்கு
அடிமட்டம் தேவைப்பட்டதில்லை.
பொன்னாலைப் பாலத்தில் பஸ்
மூச்சு வாங்கிய நாள்களிலெல்லாம்
என் பெயர் கோட்டுக்குக் கீழே.
ஒன்பது வருசம்.
வகுப்பில் கோணம் கீறும்போதும்
சிவப்புச் சோக்கைத் தொட மாட்டேன்.

புது அதிபர் ஜெசிந்தா மிஸ்
முதற்கிழமையே அந்தப் பேனையை
ஆசிரியர் அறை மேசையில் வைத்தா.
"முறை வைச்சுக் கீறுங்கோ.
நேரசூசியும் இனி உங்களிட்டைத்தான்."
பக்கத்தில் பென்சில், அழிறப்பர்,
நாற்பது பெட்டி போட்ட பெரிய தாள்.

சந்தோசம் ஒண்டுமில்லை.
"தன்ரை வேலையை எங்கடை தலையில கட்டுறா"
என்றார் விவசாயம் படிப்பிக்கும் கேதீஸ்வரன்.
வெள்ளிக்கிழமை எட்டாம் பாடத்துக்காக
அவரும் பத்மரூபியும்
மூன்று நாள் முகம் பார்க்கவில்லை.
அழித்து அழித்துத் தாளில்
வியாழன் ஓட்டையாய்ப் போனது.

என் முறை ஒரு செவ்வாய்.
அன்றைக்கென்று பஸ் நேரத்துக்கு வந்தது, பாவி.
மணி அடித்தது. பேனை என் கையில்.
படலையடியில் கேதீஸ்வரன்,
சைக்கிள் செயின் கழன்று
கை முழுக்கக் கிறீஸ்.
கீறினேன்.
கோடு கோணிப்போனது.
கையைத் துடைத்துக் கீழே ஒப்பமிட்டார்,
ஒன்றும் சொல்லவில்லை.
இடைவேளையில் தாளுக்கு முன்னால் நின்று கேட்டார்:
"காரைநகரிலை இருந்து வாற ஆளுக்கு
முதற்பாடம் ஏன் போட்டனாங்கள்?"

தவணை நடுவில் வலயத்திலிருந்து ஒருவர்.
தாளைத் தட்டி அதிபரிடம் கேட்டார்:
"தரம் பத்துக்குக் கணிதம் மத்தியானமா?
யார் போட்டது?"
மிஸ் யன்னலுக்கு வெளியே
வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தா.
'நாங்கள்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"நான், சேர்" என்று வந்தது.
பிறகு கணக்கும் வந்தது:
போன வருசம் பஸ் விழுங்கிய பாடங்கள் முப்பத்தொன்று,
இந்தத் தவணை ஒன்றுமில்லை.
குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.
பத்மரூபி இடாப்பை மூடிவிட்டு
கதிரையை என் பக்கம் இழுத்தா.
கேதீஸ்வரன் தேவையில்லாமல் இருமினார்.

வந்தவர் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.
என்ன குறித்தாரோ, இன்னும் தெரியாது.

அன்று மத்தியானம் தரம் பத்தில்
விரிகோணம் ஒன்றுக்கு
சிவப்புச் சோக்கை எடுத்தேன்.
பின்வாங்கில் இருந்து ஒருத்தி:
"ரீச்சர், கோணலாய்க் கிடக்கு.
அடிமட்டம் தரட்டோ?"