இரண்டாம் பாகம்

நூற்றுப் பதினெட்டு ஜிபி.
இறங்கி முடிக்க இரண்டு இரவும்
ஒரு மின்வெட்டும் ஆயிற்று.

முதல் பாகத்தில்
உப்பு விற்கும் மரீசாவின் வீட்டைத் தேடி
பெரம்பூர் மாடியறையில் மூன்று வாரம் அலைந்தோம்
நானும் டெரன்சும்.
ஈபி பில்லின் பின்பக்கம் அவன் வரைந்த வரைபடத்தில்
டீ சிந்திய இடத்தை ஏரி என்று நம்பிப் போய்
இரண்டு முறை செத்தேன்.
கடைசியில் கதவைத் திறந்தவள்
"இவ்வளவு நேரமா?" என்றாள்.
ரிச்சி தெருவில் எழுபது ரூபாய்க்கு வாங்கிய சிடி
எங்களை உரிமையோடு திட்டியது.

இப்போது வானத்திலிருந்து ஒரு மஞ்சள் அம்பு
அவள் வாசலைக் காட்டுகிறது.
செட்டிங்ஸில் போய் அம்பை அணைத்தேன்.
எல்லாத் தெருவும் ஒரே தெரு.
தட்டாமலே திறக்கிறது கதவு.
முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது.
"வருக வீரரே" என்கிறாள்
எனக்குப் பின்னால் நிற்கும் யாரிடமோ.
உப்பு இல்லையாம்.
குதிரைக்கு உடுப்பு இருக்கிறது,
கார்டு நம்பர் கேட்கிறாள்.

பெர்த்தில் விடிந்திருக்கும்.
"எப்படிடா இருக்கு?" என்று டெரன்ஸ்.

நிறைய அடித்தேன். அழித்தேன்.
"கிராபிக்ஸ் சூப்பர்" என்று அனுப்பினேன்.
நீல டிக் விழுந்து
வெகுநேரம் கழித்து அவன்:
"அவ்ளோதானா?"